ஒரே பதிவை இருவர் திறந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு தொண்டு நிறுவனத்துக்கு வழக்கமாக நன்கொடை தருபவர் வீடு மாறுகிறார். போனில் தகவல் சொல்கிறார். வரவேற்பில் இருப்பவர் கணினியில் அவருடைய பதிவைத் திறந்து புதிய முகவரியை அடிக்கிறார். அதே நேரம் உள்ளறையில் கணக்கு பார்ப்பவரும் அந்தப் பதிவைத்தான் திறந்து வைத்திருக்கிறார். அவர் சேர்ப்பது இந்த மாதத் தொகையை மட்டும். வரவேற்பில் இருப்பவர் முதலில் சேமிக்கிறார், கணக்கு பார்ப்பவர் அப்புறம் சேமிக்கிறார். ஆனால் இவர் திரையில் இருந்தது பழைய முகவரி. தொகையோடு அதுவும் போய் உட்கார்ந்துகொள்கிறது. ரசீது பழைய வீட்டுக்குப் போகிறது. இருவரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள்!

ஐந்தாறு பேர் வேலை செய்யும் இடங்களில் என்னிடம் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எல்லாரும் ஒரே நேரத்தில் திறக்க என்ன வழி?" திறப்பது பெரிய விஷயமே இல்லை. ஒரே நேரத்தில் எழுதும்போதுதான் சிக்கல். எக்செல் கோப்பைப் பொதுக் கோப்புறையில் வைத்தால், முதலில் திறந்தவர் மூடும்வரை மற்றவர்கள் பெரும்பாலும் படிக்க மட்டுமே முடியும். பொறுமை இல்லாதவர் தனக்கென்று ஒரு பிரதி எடுத்துக்கொள்வார். அன்றிலிருந்து உங்களிடம் இரண்டு பட்டியல்கள்.

அடுத்த படியாகப் பலரும் போவது மைக்ரோசாஃப்ட் அக்சஸ். பட்டியல்களை அட்டவணைகளாகச் சேமித்து, தேடவும் திருத்தவும் உதவும், 1992இல் வந்த மென்பொருள். அதைக் கிண்டல் செய்பவர்கள் உண்டு. ஐந்து பேருக்கு அது போதும் என்பது என் கட்சி. ஒரு கோப்பு 2 ஜிபி வரை வளரலாம். 255 பேர் வரை சேர்ந்து திறக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு, அதை நம்பி இறங்காதீர்கள்.

அக்சஸ் வைத்திருப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, கோப்பை இரண்டாகப் பிரிப்பது. அட்டவணைகள், அதாவது தரவு, பொதுக் கணினியில் ஒரு கோப்பாக இருக்கட்டும். படிவங்களும் அறிக்கைகளும் இன்னொரு கோப்பில். இந்த இரண்டாவது கோப்பின் பிரதி ஒவ்வொருவர் கணினியிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். பிரித்துத் தரும் வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், அக்சஸில் தேடுவது, எழுதுவது எல்லாவற்றையும் உங்கள் கணினிதான் செய்கிறது. பொதுக் கணினி வெறும் அலமாரி. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு அறுந்தால் கோப்பே பழுதாகலாம். ஆகவே வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

கோப்பு திறந்திருக்கும்போது பக்கத்தில் பூட்டுக் கோப்பு ஒன்று தானாக முளைக்கும். யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற கணக்கு அதில்தான். அதை உருவாக்கவும் அழிக்கவும் அந்தக் கோப்புறையில் எல்லாருக்கும் அனுமதி வேண்டும். இல்லையென்றால் ஒருவர் உள்ளே இருக்கும்போது அடுத்தவர் நுழைய முடியாமல் போகலாம். "நேற்றுவரை வேலை செய்ததே" என்ற புலம்பலுக்குப் பின்னால் பல நேரம் இந்த அனுமதிதான் இருக்கும்.

ஒருவர் மாற்றியதை இன்னொருவர் மீண்டும் மாற்றப் போனால் அக்சஸ் எச்சரிக்கும்: உங்கள் திருத்தத்தைச் சேமிப்பதா, கைவிடுவதா என்று கேட்கும். படிக்காமல் 'சேமி'யை அழுத்தினால், நாம் தொடங்கிய அதே முகவரிக் கதை. நான் உதவிக்குப் போன ஓர் அலுவலகத்தில் அந்தச் செய்தியை "தொந்தரவுப் பெட்டி" என்றே அழைத்தார்கள்.

டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மாதிரி தானாக ஒத்திசையும் கோப்புறையில் தரவுக் கோப்பை வைக்கவே கூடாது. இருவர் ஒரே நேரத்தில் எழுதினால் அங்கே இரண்டு முழுக் கோப்புகள் உருவாகும். எது சரி என்று யாருக்கும் தெரியாது.

ஆட்கள் கூடினால், அல்லது வீட்டிலிருந்தும் வேலை செய்ய வேண்டுமென்றால், சர்வருக்கு மாறுங்கள், அதாவது தரவைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, தேடுவதையும் எழுதுவதையும் தானே செய்யும் கணினிக்கு. அங்கே பேரேட்டை யாரும் மேசைக்கு எடுத்துப் போவதில்லை. சன்னலில் கேட்டால் உள்ளிருப்பவர் பார்த்துச் சொல்கிறார், எழுதச் சொன்னால் வரிசையில் வைத்து எழுதுகிறார். இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்களில் போஸ்ட்கிரஸ், மரியாடிபி இரண்டும் இலவசம். பழைய அக்சஸ் படிவங்களை அவற்றோடு இணைத்தும் ஓட்டலாம். நன்கொடையாளர் விவரங்களைப் பார்த்துக்கொள்ள, தொண்டு நிறுவனங்களுக்காகவே எழுதப்பட்ட சிவிசிஆர்எம் என்ற மென்பொருள் பிரவுசரிலேயே இயங்கும், அதுவும் இலவசம். ஆனால் இலவசம் என்பது மென்பொருளுக்குத்தான். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இல்லாத இடத்தில் நான் சர்வரைப் பரிந்துரைப்பதில்லை.

சரி, எதை வைத்தாலும் ஆளுக்கொரு பயனர் பெயர் கொடுங்கள். தன்னார்வலர்கள் வருவார்கள், போவார்கள். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு என்றால் யார் மாற்றியது என்று தேடிப் பயனில்லை. ஒவ்வொரு பதிவிலும் கடைசியாகத் திருத்தியவர், திருத்திய நேரம் என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தால் பாதிச் சண்டை குறையும். அழிக்கும் உரிமை ஒருவர், மிஞ்சினால் இருவருக்கு இருக்கட்டும்.

பேக்கப் எடுக்கிறோம் என்று எல்லாரும் சொல்வார்கள். நாளைக் காலை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து, போன வாரம் சேர்த்த பெயர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கிடைக்கவில்லை என்றால், வேறு எதையும் தொடுவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

நன்றி, வணக்கம்.