ஜோரா ஒரு ஜுரம்: கொல்கத்தாவில் முதல் நாலு நாள்

வணக்கம் மக்களே. குரல் வேற யாரோ பேசுற மாதிரி இருந்தா பயந்துடாதீங்க, நான்தான். தொண்டை கட்டிக்கிச்சு. பின்னாடி மங்கலா தெரியுறது பனிமூட்டம் இல்ல, கொசுவலை. கொல்கத்தா வந்து இன்னையோட நாலு நாள். விக்டோரியா மெமோரியல் பாத்தியா, காளிகாட் போனியான்னு கமெண்ட்ல கேக்குறீங்க. நான் பாத்தது இந்த ரூம் ஃபேனு, அந்த ஜன்னல், தெருமுக்குல ஒரு மருந்துக்கடை. அவ்ளோதான்.

ரயில்ல புவனேஸ்வர் தாண்டுறப்பவே உடம்பு கணகணன்னு ஆயிடுச்சு. ஹவுராவுல இறங்குனா கால் தரையில பாவல. 23 பிளாட்பாரம் இருக்குற ஸ்டேஷன்ங்க அது. அந்தக் கூட்டத்துல நாம நடக்கவே வேணாம், அதுவே தூக்கிட்டுப் போய் வாசல்ல விட்ரும். காய்ச்சக்காரனுக்கு அது ஒரு வசதி.

வெளிய மஞ்சள் அம்பாசடர் டாக்சி. அந்தக் கார் தயாரிக்கிறதையே 2014-ல நிறுத்திட்டாங்க. இந்த ஊர்ல 15 வருஷம் ஆன டாக்சிய ஓட்டக்கூடாதுன்னு வேற இருக்கறதால, இருக்குறதும் கொறஞ்சுட்டே வருது. பின் சீட்டு நம்ம வீட்டு சோபா மாதிரி. அப்படியே சாஞ்சு படுத்துட்டேன். அதனால ஹவுரா பாலத்த நான் பாத்தது மல்லாக்க. தலைக்கு மேல இரும்பு, இரும்பு, இரும்பு, முடியவே மாட்டேங்குது. 1943-ல திறந்தது. நட்டு போல்ட்டே இல்லாம முழுக்க ரிவெட் அடிச்சே கட்டியிருக்காங்க.

நடுப்பாலத்துல சளி முட்டிக்கிட்டு வந்துச்சு. துப்பலாம்னு ஜன்னல்ல தலைய நீட்டுறேன், டிரைவர் கண்ணாடியில பாத்துட்டு ஒரே அதட்டு. ரூமுக்கு வந்து தேடிப் பாத்தாத்தான் விஷயம் புரியுது. ஜனங்க பீடா போட்டுத் துப்பித் துப்பியே, பாலத்தத் தாங்குற தூண்களோட அடியில 6 மில்லிமீட்டர் தகடு 3 மில்லிமீட்டரா அரிச்சுப் போயிருக்கு! அப்புறம் ஃபைபர் உறை மாட்டினாங்களாம். ஜப்பான்காரன் குண்டு போட்ட காலத்துல எழும்புன பாலங்க, எச்சில்ல கரைஞ்சிருக்கு.

சரி, மருந்துக்கடைக் கதைக்கு வர்றேன். எனக்கு இந்தி அரைகுறை, வங்காளம் சுத்தமா வராது. நெத்தியத் தொட்டுக் காட்டி "ஜுரம்"னேன். கடைக்காரர் முகம் மலர்ந்து "ஜொர்?"ங்கறாரு. எனக்கு 102 டிகிரி. இதுல என்னய்யா ஜோரு? அப்புறம்தான் மண்டையில ஏறுச்சு, நம்ம ஜுரத்தத்தான் அவங்க ஜொர்ங்கறாங்க, ரெண்டும் ஒரே சமஸ்கிருதச் சொல்லுல இருந்து வந்தது. அடுத்து "ஜொல் காபேன்?"னாரு. ஜொல்னா தண்ணி. நான் கேட்ட லட்சணத்துல, ஜொள்ளு விடுறியான்னு கேட்ட மாதிரி இருந்துச்சு. சிரிச்சேன், இருமல் பிடிச்சுக்கிச்சு.

அவ்ளோதான், கடையில நின்னவங்க அத்தன பேரும் வைத்தியராயிட்டாங்க. ஒருத்தர் வயித்துல கேஸ்ங்கறாரு, ஒருத்தர் ஹோமியோபதி உருண்டை பேரு சொல்றாரு. ஒரு பாட்டி என் தலையையே பாக்குது, "டாண்டா லேகே கேச்சே"ங்குது. சளி பிடிச்சிருச்சாம், குல்லா ஏன் போடலன்னு திட்டு. வெளிய 24 டிகிரிதாங்க! அதுக்கே ஊரே மங்கி கேப் மாட்டிட்டுத் திரியுது. நம்ம பக்கம் காய்ச்சல்னா ஒரு அடி தள்ளி நிப்பாங்க. இங்க கூடி நின்னு விவாதிக்கிறாங்க. எனக்கென்னவோ அது பிடிச்சிருந்துச்சு.

கடைக்குப் பின்னாடியே டாக்டர் உக்கார்றாரு, சேம்பர்னு சொல்றாங்க. டெங்கு, மலேரியா ரெண்டுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னாரு. லேப்பு நாலு தெரு தள்ளி. நடக்க முடியல. லாட்ஜ் தம்பி ஒரு கை ரிக்‌ஷாவக் கூப்டுட்டான்.

இத மறைக்காம சொல்லிடறேன், ஏறினேன். நம்ம ஊர்ல எழுபதுகள்லயே கலைஞர் ஆட்சியில ஒழிச்ச வண்டி. இழுத்தவருக்கு எங்கப்பா வயசுக்கு மேல இருக்கும். விரல்ல ஒரு சின்ன மணிய மாட்டிட்டு, பிடிக்கட்டையில தட்டுறாரு, டிங், டிங். ஹாரனே அதான். மேல இருந்து பாத்தா அவரோட குதிகால் மட்டும் தெரியுது, வெடிச்சு, நடுவுல கருப்பாத் தாரு ஒட்டி. இறங்கிடலாம்னு ரெண்டு தடவ தோணுச்சு. இறங்கினா அவரு கூலி போயிரும். உக்காந்தே போனேன். காலையில அஞ்சு மணிக்கு ஜன்னல்ல அந்த டிங் டிங் கேக்கறப்பல்லாம் முழிப்பு வந்துருது.

ரிசல்ட் ரெண்டும் நெகட்டிவ், சும்மா வைரல்தான். ஆனா லாட்ஜ் தம்பி நம்பல. "மொஷா, மொஷா"ன்னு, அதாவது கொசு கொசுன்னு, சொல்லிட்டே மொஷாரி, அதான் இந்தக் கொசுவலைய, நாலு மூலையிலயும் கட்டி, ஓரத்த மெத்தைக்கடியில சொருகிட்டுத்தான் போனான். அவன் பயமும் சும்மா இல்ல. ரொனால்ட் ராஸ்ங்கற பிரிட்டிஷ் டாக்டர் 1898-ல, கொசு கடிச்சுத்தான் மலேரியா பரவுதுன்னு பறவைகள வச்சு நிரூபிச்சது இதே ஊர்லதாங்க.

சாப்பாடு? இட்லி வேணும்னா லேக் மார்க்கெட் பக்கம் போ, நம்மாளுங்க தலைமுறையா இருக்காங்கன்னாங்க. அவ்ளோ தூரம் யாரு போறது! கீழ ஒரு பைஸ் ஹோட்டல், பழைய காலத்துச் சோத்துக்கடை. அங்க சமைக்கிற மாஷி, மாஷின்னா சித்தி, நான் எதுவும் கேக்காமலே ஒரு ஜோல், அதான் குழம்பு, கொடுத்தனுப்புனாங்க. ஷிங்கி மீனு, நம்ம தேளி மீன்தான், கூட வாழைக்காய் நீளநீளமா, இஞ்சி, சீரகம், மஞ்சள். மிளகாய் பேருக்கு. தண்ணியா இருக்கும். இங்க காய்ச்சல்ல கிடந்து எழுந்தவங்களுக்கு இதான் பத்தியமாம். முதல் நாள் சப்புன்னு இருந்துச்சு, மூணாவது நாள் கிண்ணத்தச் சாய்ச்சுக் குடிச்சேன். கூடவே குழைஞ்ச சோறு, ஓரத்துல ஒரு எலுமிச்சைத் துண்டு.

நாளைக்கு டிராம்ல ஏறிடணும்னு... இருங்க, கதவு தட்டுறாங்க. ஆங், வர்றேன் தம்பி! கிண்ணம் வந்துருச்சு மக்களே, வச்சுடறேன்.