உச்சியில் உருண்டோடும் பெட்டி: கோனி ஐலண்டின் அதிசய ராட்டினம்

வணக்கம். 150 அடி உயர ராட்டினத்தின் உச்சியை நெருங்கும் வேளையில், நீங்கள் அமர்ந்திருக்கும் பெட்டி இருந்த இடத்தை விட்டு உருண்டோடினால் என்ன செய்வீர்கள்? நியூயார்க் நகரின் கோனி ஐலண்ட் கடற்கரையில் 1920 முதல் வொண்டர் வீல் என்னும் அப்படி ஒரு ராட்டினம் சுற்றி வருகிறது.

மாசி மகத் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினத்தில் திரளும் கூட்டத்தைக் கண்டு வளர்ந்த கடலூர்க்காரர்களுக்குக் கடற்கரைக் கொண்டாட்டம் புதிதன்று. கோனி ஐலண்டில் அதையே பெருந்தொழிலாக வளர்த்தார்கள். லாமார்கஸ் தாம்சன் 1884இல் அங்கே ஓட்டிய சறுக்கு ரயிலுக்குக் கட்டணம் 5 சென்ட், வேகம் மணிக்குச் சுமார் 6 மைல். பின்னர் 1897இல் ஸ்டீபிள்சேஸ், 1903இல் லூனா பார்க், 1904இல் ட்ரீம்லேண்ட் எனப் பூங்காக்கள் வரிசையாக எழுந்தன. ட்ரீம்லேண்ட் 1911இல் தீக்கிரையானது.

இப்போது ராட்டினத்துக்கு வருவோம். சார்லஸ் ஹெர்மன் வடிவமைத்த இந்த வொண்டர் வீலில் 24 பெட்டிகள் உள்ளன. அவற்றில் 8 பெட்டிகள், நம் திருவிழா ராட்டினங்களில் இருப்பதைப் போலவே விளிம்பில் பொருத்தப்பட்டவை. மீதமுள்ள 16 பெட்டிகளைத் திரையில் உற்றுப் பாருங்கள்: சக்கரத்தின் உள்ளே, நடுப்பகுதிக்கும் விளிம்புக்கும் இடையில் வளைந்து செல்லும் தண்டவாளங்களில் அவை ஓடுகின்றன. அவற்றை நகர்த்தத் தனி மோட்டார் எதுவும் கிடையாது. தட்டைச் சாய்த்ததும் கோலிக்குண்டு உருள்வதைப் போல, சக்கரம் சுழலச் சுழலத் தண்டவாளத்தின் சாய்வு மாறுவதால், இறக்கம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகப் பெட்டி தன் எடையாலேயே ஓடி, கோடியில் சட்டென்று நின்று, முன்னும் பின்னுமாக ஊசலாடுகிறது.

அதே கடற்கரையில் 1927 முதல் ஓடும் சைக்ளோன் என்னும் மர ரோலர் கோஸ்டரைத்தான் பலரும் கொண்டாடுகிறார்கள். என் வாக்கு இந்த ராட்டினத்துக்கே. அதிவேகத்தால் அச்சுறுத்துவது எளிது. மெதுவாகச் சுற்றும் ஒரு சக்கரத்தில், புவியீர்ப்பை மட்டுமே நம்பி இத்தனை திகிலை உண்டாக்கியதுதான் பெரிய பொறியியல் சாதனை. 1977 ஜூலையில் நியூயார்க் இருளில் மூழ்கியபோது, கையாலேயே இதைச் சுழற்றிப் பயணிகளை இறக்கினார்கள். 1989இல் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

உறவினர்களைப் பார்க்க நியூயார்க் செல்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: நிலைப்பெட்டிக்கும் ஓடும் பெட்டிக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. பெரியவர்களை அழைத்துச் சென்றால், எந்த வரிசையில் நிற்கிறீர்கள் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.