சீசன் டிக்கெட்: இந்த வருடம் வேண்டாம்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"கிளப் நிர்வாகத்தின் மேல் மனக்கசப்பில் இருக்கும் கால்பந்து ரசிகர் அடுத்த சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்க வேண்டுமா, வேண்டாமா?" இதுதான் இன்றைய தலைப்பு. சீசன் டிக்கெட் என்றால், ஒரு சீசனில் கிளப்பின் சொந்த மைதானத்தில் நடக்கும் லீக் ஆட்டங்கள் அத்தனைக்கும் சேர்த்து வாங்கும் டிக்கெட். வேண்டாம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி உருக்கமாகப் பேசினார். வென்றாலும் தோற்றாலும் கூட நிற்பவர்தான் ரசிகர் என்றார். சண்டர்லாந்து என்ற இங்கிலாந்துக் கிளப்பைச் சாட்சிக்கு அழைத்தார். 2017இல் இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கிய அணி, 2018இல் இன்னொரு படி இறங்கி மூன்றாம் நிலை லீக்குக்குப் போனது. அந்த வருடம் டிசம்பர் 26ஆம் தேதி, பிராட்ஃபர்ட் அணிக்கு எதிரான ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் 46,039 பேர். மூன்றாம் நிலை ஆட்டத்துக்கு இத்தனை பேர்! அவர் இதைச் சொன்னபோது நானும் சேர்ந்து கைதட்டினேன். தோல்வி எந்த ரசிகரையும் விரட்டாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

ஆனால் நடுவர் அவர்களே, அவர் பேசியது அணியைப் பற்றி. தலைப்போ நிர்வாகத்தைப் பற்றி. அணி தோற்கிறது, அதனால் டிக்கெட்டை விட்டுவிடுங்கள் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ரசிகரின் மனத்தை உடைப்பது அவமதிப்புதான். 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் என்ன செய்தது? சீசன் பாதியில் இருக்கும்போதே, மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்டாக்கியது. சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் அதில் சலுகை கிடையாது என்றது. பேரனை ஆட்டம் பார்க்க அழைத்துப் போகும் தாத்தாவை நினைத்துப் பாருங்கள். அணி ஐந்து கோல் வாங்கினால் அவர் தாங்கிக்கொள்வார். இதை எப்படித் தாங்குவார்?

சீசன் டிக்கெட் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். என் வாதம் முழுக்க அதில்தான் இருக்கிறது. பிரீமியர் லீக்கில் ஒரு கிளப்புக்குச் சொந்த மைதானத்தில் 19 லீக் ஆட்டங்கள். ஜெர்மனியின் புண்டஸ்லீகாவில் 17. அத்தனைக்கும் சேர்த்து, முதல் பந்து உருளும் முன்பே பணம் கட்டியாக வேண்டும். பல கிளப்களில் புதுப்பிக்கும் கடைசித் தேதி, நடப்பு சீசன் முடிவதற்கு முன்போ முடிந்த கையோடோ வந்துவிடும். சீக்கிரம் கட்டினால் தள்ளுபடி என்று ஒரு தூண்டிலும் இருக்கும். அந்த நேரத்தில் ரசிகருக்கு என்ன தெரியும்? அடுத்த வருடம் பயிற்சியாளர் யார் என்று தெரியாது. எந்த வீரரை விற்கப் போகிறார்கள் என்று தெரியாது. சில வருடங்களில் அணி எந்த டிவிஷனில் ஆடும் என்பதே தெரியாது. சனிக்கிழமை பிற்பகல் என்று அட்டவணையில் போட்ட ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்காகத் திங்கள் இரவுக்குத் தள்ளினால், தூரத்திலிருந்து வருபவர் வீடு திரும்ப ரயில் இருக்குமா என்பதும் தெரியாது. இப்படி எதுவுமே தெரியாத ஒரு பொருளுக்கு முழு விலையையும் முன்கூட்டியே கொடுக்கச் சொல்கிறார்கள்.

கிளப் ஏன் அவசரப்படுகிறது? கோடை மாதங்களில் ஆட்டம் இல்லை, வாசல் வசூல் இல்லை. ஆனால் சம்பளம் கொடுக்க வேண்டும், புது வீரர்களை வாங்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்புவதில் ரசிகரின் முன்பணத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கீழ் டிவிஷன் கிளப்களுக்கு அது உயிர்நாடி. ஆக, ஒரு வருடத்தில் ரசிகரின் கை ஓங்கியிருப்பது இந்தச் சில வாரங்களில் மட்டும்தான். பணத்தைக் கட்டிவிட்டால், அப்புறம் மே மாதம் வரைக்கும் அவர் எவ்வளவு கத்தினாலும் அது மைதானத்துச் சத்தத்தோடு சேர்ந்துவிடும். இன்னும் சொல்லப்போனால், உரிமையாளர் அந்தச் சத்தத்தையே தன் விளம்பரத்தில் போட்டுக்கொள்வார்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் லிவர்பூலைக் காட்டினார். நல்ல எடுத்துக்காட்டு, எனக்கும் பிடித்தது. 2016 பிப்ரவரி 6. புதிய மெயின் ஸ்டாண்டில் ஒரு டிக்கெட் 77 பவுண்ட் என்று அறிவிப்பு வந்திருந்தது. அதை எதிர்த்து, ஆன்ஃபீல்டு மைதானத்தில் சுமார் 10,000 பேர் ஆட்டத்தின் 77ஆம் நிமிடத்தில் எழுந்து வெளியே போனார்கள். அப்போது லிவர்பூல் 2-0 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் 2-2 என்று முடிந்தது. சில நாட்களுக்குள் உரிமையாளர்கள் மன்னிப்புக் கேட்டு அந்த விலையைத் திரும்பப் பெற்றார்கள். "பார்த்தீர்களா, கையில் டிக்கெட் இருந்ததால்தானே வெளிநடப்பு செய்ய முடிந்தது?" என்று நண்பர் கேட்டார்.

நான் திருப்பிக் கேட்கிறேன். அந்த 10,000 பேரும் ஆட்டத்துக்கு ஏற்கெனவே பணம் கட்டியவர்கள். அவர்கள் எழுந்து போனதால் அன்றைக்குக் கிளப்புக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. பிறகு உரிமையாளர்கள் ஏன் இறங்கி வந்தார்கள்? காலியான இருக்கைகளைப் பார்த்தபோது அடுத்த சீசன் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். இவர்கள் புதுப்பிக்காமல் போனால் என்ன ஆகும் என்ற பயம்தான் அந்த மன்னிப்புக் கடிதத்தை எழுத வைத்தது. யார் என்ன செய்தாலும் கடைசியில் புதுப்பித்துவிடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்திருந்தால், 77ஆம் நிமிடத்தில் என்ன, ஏழாம் நிமிடத்தில் போயிருந்தாலும் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள்.

"தொலைக்காட்சிப் பணம் கொட்டுகிறது, உங்கள் டிக்கெட் காசு யாருக்கு வேண்டும்?" என்றும் ஒரு வாதம் வந்தது. 2020 ஜூனில், பெருந்தொற்றுக்கு நடுவே, பிரீமியர் லீக் ரசிகர்கள் இல்லாத மைதானங்களில் திரும்பத் தொடங்கியது. அப்போது ஒளிபரப்பில் பதிவு செய்த ரசிகர் சத்தத்தைச் சேர்த்தார்கள். ஆளில்லாத கால்பந்தை அப்படியே காட்ட அவர்களுக்கே மனம் வரவில்லை. தொலைக்காட்சி வாங்குவதும் அந்த நிறைந்த மைதானத்தைத்தான் நடுவர் அவர்களே.

லெஸ்டர் சிட்டி 2016இல் யாரும் எதிர்பாராமல் பிரீமியர் லீக் பட்டம் வென்றதைச் சொன்னார்கள். முந்தைய கோடையில் புதுப்பிக்காதவர் எதை இழந்திருப்பார் என்று கேட்டார்கள். இழந்திருப்பார், உண்மைதான். ஆனால் அதிசயம் நடக்கலாம் என்பதற்காக அவமதிப்பைப் பொறுத்துக்கொள் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. இதை விட்டுவிடுகிறேன்.

எதிரணியின் வாதங்களில் என்னை உண்மையிலேயே யோசிக்க வைத்தது இன்னொன்று. பெரிய கிளப்களில் சீசன் டிக்கெட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமானது. நீங்கள் விட்டால் மறுநாளே இன்னொருவர் வாங்கிக்கொள்வார். உரிமையாளருக்கு நஷ்டமில்லை, நீங்கள்தான் அப்பா உட்கார்ந்த இடத்தை, பல வருடமாகப் பக்கத்தில் உட்கார்ந்த மனிதர்களை இழப்பீர்கள் என்றார்கள். அந்த இழப்பு பெரியது. அதைச் சின்னது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனால்தான் தனியாக விடாதீர்கள் என்கிறேன். லிவர்பூல் வெளிநடப்பை ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி போன்ற ரசிகர் அமைப்புகள் சேர்ந்துதான் நடத்தின. அதேபோல, கடைசித் தேதிக்கு முன்பே, இத்தனை பேர் இந்த இந்தக் காரணத்துக்காகப் புதுப்பிக்கவில்லை என்று ஊரறியச் சொல்லுங்கள். பட்டியலில் காத்திருப்பவரும் ரசிகர்தானே? அவரிடமும் பேசுங்கள். நாளை அவருக்கும் இதே விலை, இதே நடத்தைதான்.

ஜெர்மனியில் மட்டும் ஏன் நிலைமை வேறு என்று கேட்கலாம். அங்கே 50+1 என்ற விதி இருக்கிறது. சில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குகளில் பெரும்பான்மை உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். டோர்ட்முண்டின் தெற்கு ஸ்டாண்டில் சுமார் 25,000 பேர் நின்றுகொண்டே பார்க்க இன்றும் இடம் இருக்கிறது. 2024 தொடக்கத்தில் லீக்குக்குள் வெளி முதலீட்டாளரைக் கொண்டுவரப் பார்த்தபோது, ரசிகர்கள் டென்னிஸ் பந்துகளைத் திடலுக்குள் எறிந்து ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் திட்டமே கைவிடப்பட்டது. அந்த ரசிகரிடம் போய், புதுப்பிக்காதே என்று நான் சொல்ல மாட்டேன். அவர் கையில் ஓட்டு இருக்கிறது. ஓட்டு இல்லாத ரசிகருக்கு அந்தப் புதுப்பிப்புப் படிவம் ஒன்றுதான் மிச்சம்.

விலகிப் போனால் பாசம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்கு லண்டனின் விம்பிள்டன் கால்பந்துக் கிளப்பைக் காட்டுகிறேன். 2002இல் அந்தக் கிளப்பை மில்டன் கீன்ஸ் என்ற வேறு நகரத்துக்கு மாற்ற அனுமதி கிடைத்தது. ரசிகர்கள் கூடப் போகவில்லை. ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி, அடிமட்ட லீக் ஒன்றிலிருந்து ஏறி, 2011இல் தொழில்முறை லீக்குக்கு வந்தார்கள். 2020 நவம்பரில் தங்கள் பழைய பகுதியான ப்ளவ் லேனிலேயே புது மைதானத்தில் ஆடினார்கள்.

கடைசியாக பிளாக்பூல். 2010-11இல் பிரீமியர் லீக்கில் ஆடிய அணி, 2016இல் நான்காம் நிலைக்கு விழுந்துவிட்டது. ரசிகர்களின் கோபம் விழுந்ததற்காக அல்ல. கிளப்புக்கு வந்த பணம் எங்கே போனது என்பதே அவர்கள் கேள்வி. "இனி ஒரு பைசா தர மாட்டோம்" என்று சீசன் டிக்கெட்டையும் ஆட்ட டிக்கெட்டையும் நிறுத்தினார்கள். மைதானத்தில் சில ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். 2017இல் அணி இங்கிலாந்தின் தேசிய மைதானமான வெம்ப்லியில், மேல் லீக்குக்கு ஏறுவது யார் என்று தீர்மானிக்கும் பிளே-ஆஃப் இறுதி ஆட்டம் ஆடி ஜெயித்து மேலேறியது. அதற்குக்கூடப் பலர் போகவில்லை. தன் அணி வெம்ப்லியில் ஆடும்போது வீட்டில் உட்கார்ந்திருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று யோசித்துப் பாருங்கள்! அதே வருடம் நவம்பரில் உயர் நீதிமன்றம், உரிமையாளர்கள் முறையற்ற வகையில் கிளப்பிலிருந்து பணத்தை எடுத்தார்கள் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் போட்டவர் கிளப்பின் பங்குதாரர், ரசிகர்கள் அல்ல. உரிமையாளர்களை வெளியேற்றியது புறக்கணிப்பு மட்டும்தான் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். ஆனால் அந்தக் காலம் முழுக்க, ஊர் யார் பக்கம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராமல் காலி இருக்கைகள் பார்த்துக்கொண்டன.

2019 பிப்ரவரியில் நீதிமன்றம் நியமித்த அதிகாரியின் பொறுப்புக்குக் கிளப் வந்தது. மார்ச் 9ஆம் தேதி, சவுத்எண்டுக்கு எதிரான ஆட்டத்துக்கு 15,000க்கும் மேற்பட்டோர் மைதானத்துக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களில் பலர் பல சீசன்களாக டிக்கெட்டே வாங்காதவர்கள். அவர்களெல்லாம் அந்த வருடங்களில் ரசிகர்களாக இல்லையா? அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் அதற்கு ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.