பேட்டைக்குள் ஒரு பையன்

நேயர்களுக்கு வணக்கம். இன்று 2013 பிப்ரவரியில் வெளிவந்த 'காய் போ சே' என்ற இந்திப் படத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். அபிஷேக் கபூர் இயக்கிய படம். சேதன் பகத் 2008-ல் எழுதிய நாவல்தான் மூலக்கதை.

கிரிக்கெட் படம் என்றதும் கடைசி ஓவர், சிக்ஸர், கோப்பை என்று எதிர்பார்ப்போம். இதில் நாயகன் ஜெயித்துக் காட்டும் பெரிய ஆட்டம் எதுவும் கிடையாது. இஷான் மாவட்ட அளவில் ஆடி, அதற்கு மேல் போக வழியில்லாமல் நின்றுபோனவன். அவன் கண்ணில் ஒரு நாள் அலி என்ற பையன் படுகிறான். அந்தப் பையனை ஆளாக்குவது என்று முடிவு செய்கிறான். கிரிக்கெட் கதை இவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தை ஒரு பேட்டை எப்படித் தாங்குகிறது, எங்கே தாங்க முடியாமல் போகிறது என்பதைத்தான் படம் பேசுகிறது.

கதை நடக்கும் அகமதாபாத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் படம் இன்னும் நன்றாகப் புரியும். சபர்மதி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கிறது பழைய நகரம். அங்கே 'போள்' என்று சொல்லப்படும் குடியிருப்புகள். முகப்பில் ஒரு வாசல், உள்ளே குறுகலான சந்து, ஒன்றை ஒன்று ஒட்டி நிற்கும் மர வேலைப்பாடுள்ள வீடுகள், வீட்டுக்கு வீடு திண்ணை, பறவைகளுக்குத் தீனி வைக்க உயரமான ஒரு தூண் மாடம். ஒரு போளுக்குள் பெரும்பாலும் ஒரே சாதி அல்லது ஒரே மதத்துக்காரர்கள் இருப்பார்கள். பழைய நாட்களில் இரவானால் வாசல் கதவைச் சாத்திவிடுவார்கள். ஜனவரி 14, உத்தராயண் நாளில் ஊரே மொட்டை மாடிக்கு ஏறிப் பட்டம் விடும். இந்தப் பழைய நகரத்தை 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது. பக்கத்து வீட்டுத் தும்மல் கேட்கிற நெருக்கமும், அடுத்த பகுதிக்காரரைத் தள்ளி வைக்கும் கதவும் அங்கே சேர்ந்தே இருந்தன. படம் இந்த இரண்டையும் மறக்கவில்லை.

இஷானாக சுஷாந்த் சிங் ராஜ்புத். அதுதான் அவருடைய முதல் படம். கணக்கில் கெட்டிக்காரனான கோவிந்தாக ராஜ்குமார் ராவ், பூசாரியின் மகன் ஓமியாக அமித் சாத். மூவரும் சேர்ந்து கோயிலை ஒட்டிய இடத்தில் விளையாட்டுச் சாமான் கடை போடுகிறார்கள், கூடவே டியூஷன், கிரிக்கெட் பயிற்சி. கைகொடுப்பவர் ஓமியின் மாமா பிட்டு, ஒரு கட்சிக்காரர். மானவ் கவுல் இந்த வேடத்தில் செய்திருப்பது அருமையான வேலை. அவர் கத்துவதில்லை, மிரட்டுவதில்லை. சிரித்த முகத்தோடு உதவி செய்கிறார். நம் ஊரிலும் இப்படிப்பட்ட பெரியவர்கள் உண்டு. அவர்கள் கொடுப்பதற்கு எழுதிய கணக்கு இருக்காது. ஆனால் கணக்கு இருக்கும்.

புதிதாக வரும் மாலில் பெரிய கடை எடுக்க நண்பர்கள் பணம் போடுகிறார்கள். 2001 ஜனவரி 26 காலை பூகம்பம் வருகிறது. கட்ச் பகுதி நொறுங்கிப் போன அந்த நாளில் அகமதாபாத்திலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் சரிந்தன. கதையில் மாலும் போய்விடுகிறது. கடனைக் கட்ட வழியில்லாத ஓமி மாமாவின் கட்சி வேலைக்குப் போகிறான். எனக்கு இந்தப் படத்தில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். யாரும் அவனிடம் வெறுப்பைப் போதித்து இழுக்கவில்லை. கடன் அவனைக் கொண்டுபோய் அங்கே விடுகிறது, பழக்கம் மீதியைச் செய்கிறது. மாமாவின் கட்சி நடத்தும் நிவாரண முகாமில், முஸ்லிம்கள் வாழும் அலியின் பகுதி ஆட்களை ஏற்க மறுக்கும்போது இஷான் சண்டைக்குப் போகிறான். ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள்.

அப்புறம் 2001 மார்ச், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான கொல்கத்தா டெஸ்ட். நேயர்களில் பலருக்கு மனப்பாடமாக இருக்கும். 171-க்குச் சுருண்டு பாலோ-ஆன் வாங்கி, உடனே மறுபடி மட்டை பிடிக்க வேண்டி வந்த இந்தியா, லட்சுமணின் 281, திராவிடின் 180, ஹர்பஜனின் 13 விக்கெட், எல்லாம் சேர்ந்து அதே 171 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. தொடர்ந்து 16 டெஸ்ட் வென்று வந்த ஸ்டீவ் வாக்கின் ஆஸ்திரேலிய அணியின் ஓட்டம் அங்கே நின்றது. தொடரை முடித்து வைத்த வெற்றி நம் சேப்பாக்கத்தில் கிடைத்தது. அந்தக் கொல்கத்தா ஆட்டத்தின் உற்சாகத்தைப் படம் முழுசாகத் தருகிறது. ஆனால் அடுத்த ஆண்டே, 2002 பிப்ரவரி 27-ல், கோத்ராவில் ரயில் பெட்டி எரிந்து 59 பேர் இறக்கிறார்கள். கதையில் ஓமியின் பெற்றோரும் அந்த ரயிலில் இருக்கிறார்கள். பிறகு இந்து-முஸ்லிம் கலவரம். ஒரே டிவி முன்னால் கைதட்டிய தெரு அது. கிரிக்கெட் நம்மை எல்லாம் ஒன்றாக்கிவிடும் என்று மேடையில் சொல்வது சுலபம். இந்தப் படம் அந்தப் பொய்யைச் சொல்லவில்லை.

படம் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் முடிவைச் சொல்லிவிடுகிறேன். நாவலில் இறப்பவன் ஓமி, அதுவும் அலியைக் காப்பாற்றப் போய். படத்தில் அதை அப்படியே புரட்டிவிட்டார்கள். ஓமி சுடுகிற குண்டு இஷான் மேல் பாய்கிறது. நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். நாவலின் ஓமி தியாகி ஆகித் தப்பித்துவிடுகிறான். படத்தின் ஓமி சிறைக்குப் போய், வெளியே வந்து, தான் செய்ததோடு வாழ வேண்டியிருக்கிறது.

இஷானுக்கும் அலிக்கும் வருவோம். அலிக்கு முதலில் கோலிக்குண்டுதான் உயிர். பந்தை எல்லைக்கு வெளியே அடிக்கத் தெரியும், ஓடி ரன் எடுக்கப் பொறுமை கிடையாது. இஷான் அவனைத் திட்டுகிறான், கெஞ்சுகிறான், தூக்கி வைத்துக் கொண்டாடுகிறான். தனக்குக் கிடைக்காதது இவனுக்காவது கிடைக்க வேண்டும் என்ற வெறி அவனிடம் இருக்கிறது. சுஷாந்த் இந்தக் காட்சிகளில் நடித்ததைப் பார்க்கும்போது, 2020-ல் அவரை இழந்தது இன்னும் வலிக்கிறது. அலியாக நடித்த திக்விஜய் தேஷ்முக் நிஜமாகவே கிரிக்கெட் வீரர் ஆனார். மகாராஷ்டிராவுக்காக ரஞ்சி ஆடினார், 2019 டிசம்பர் ஐ.பி.எல். ஏலத்தில் மும்பை இந்தியன்ஸ் அவரை 20 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது.

கடைசியில் அலி இந்தியாவுக்கு ஆடுவது சினிமாக் கனவு என்று யாராவது சொன்னால், இர்பான் பதானை நினைத்துக்கொள்ளுங்கள். அதே குஜராத்தின் வதோதராவில், தந்தை பணி செய்த மசூதியிலேயே வளர்ந்து, 2003 டிசம்பரில் அடிலெய்டில் இந்தியாவுக்காகப் பந்து வீசினார்.

ஒரு குறையைச் சொல்லியே ஆக வேண்டும். அலியின் வீட்டுக்கும் தெருவுக்கும் நாம் போவது இஷானோடுதான், அவன் கிளம்பும்போது நாமும் கிளம்பிவிடுகிறோம். அலியின் அப்பா எதிர்க்கட்சிக்காரர் என்பது தெரிகிறது, அதற்கு மேல் அவரை நெருங்கிப் பார்க்கவில்லை. தன் பிள்ளையை வேறு பகுதிப் பையன் ஒருவன் தினமும் மைதானத்துக்கு அழைத்துப் போவதை அந்த வீடு எப்படிப் பார்த்தது? கலவரத்துக்குப் பிறகு, இஷான் இல்லாமல், அந்தப் பையன் மறுபடி மட்டையைத் தொட்ட நாள் எப்படி இருந்தது? பல ஆண்டுகளை ஒரே தாவலில் தாண்டி, படம் அவனை நேராக இந்திய அணியின் சட்டையில் நிறுத்திவிடுகிறது. நடுவில் விட்டுப்போன அந்த ஆண்டுகளை அலியின் வீட்டுத் திண்ணையிலிருந்து யாராவது எடுத்தால், அந்தப் படத்துக்கு முதல் ஆளாகப் போய் உட்காருவேன். நன்றி, வணக்கம்.