லோகோவை வெக்டராக மாற்றுவது எப்படி: ட்ரேஸ் எங்கே உதவும், எங்கே கெடுக்கும்

(திரையில்: சிவப்பு வட்டம், அதற்குள் வெள்ளைக் குத்துவிளக்கு, கீழே 'அன்னம் ஸ்டோர்ஸ்' என்ற பெயர்)

இந்த லோகோ இந்த வீடியோவுக்காக வரைந்த மாதிரிதான். ஆனால் அச்சகத்துக்கும் ஃபிளெக்ஸ் கடைக்கும் வாட்ஸ்அப்பில் வந்து விழுவதெல்லாம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்: 300 பிக்சல் அகலம், ஜேபெக், ஓரமெல்லாம் அழுக்கு. இதை 10 அடி ஃபிளெக்ஸில் விரித்தால் ஒரு பிக்சலுக்கு 1 சென்டிமீட்டர் வந்துவிடும். அச்சடிக்கிற மென்பொருள் எவ்வளவு மழுப்பிக் கொடுத்தாலும் விளிம்பு கலங்கிப்போய்த்தான் வரும். வெக்டரில் அந்தப் பிரச்சினை இல்லை, ஏனென்றால் அங்கே பிக்சலே கிடையாது, புள்ளிகளும் அவற்றை இணைக்கிற வளைவுகளும் மட்டும்தான், எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கம்ப்யூட்டர் அந்த அளவுக்குப் புதிதாக வரைந்துகொள்ளும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்று கேளுங்கள்: பழைய பிடிஎஃப் ஏதாவது இருக்கிறதா? லெட்டர்ஹெட், விசிட்டிங் கார்டு, திறப்பு விழா அழைப்பிதழ், எதுவானாலும் சரி. அதை இங்க்ஸ்கேப் என்ற இலவச வெக்டர் மென்பொருளில் திறந்தால் பல நேரம் அசல் வெக்டர் உள்ளேயே இருக்கும், வேலை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் பிடிஎஃப் என்றாலே வெக்டர் என்று நம்பிவிட வேண்டாம். ஜேபெக்கைத் தூக்கி உள்ளே வைத்து பிடிஎஃப்பாகவோ, எஸ்விஜி என்ற வெக்டர் ஃபைலாகவோ சேமித்தாலும் அது படம்தான். வியூ மெனுவில் அவுட்லைன் முறைக்குப் போங்கள், வடிவங்கள் வெறும் கோடுகளாகத் தெரிந்தால் வெக்டர், ஒரு செவ்வகம் மட்டும் நின்றால் உள்ளே இருப்பது படம்.

சரி, அசல் கிடைக்கவில்லை. இப்போது எல்லாரும் போகிற இடம் ட்ரேஸ், அதாவது படத்தின் விளிம்பைப் பார்த்து மென்பொருளே வெக்டர் கோடு போட்டுக் கொடுக்கிற வசதி.

(திரையில்: இங்க்ஸ்கேப்பில் ட்ரேஸ் பிட்மேப் பெட்டி)

இங்க்ஸ்கேப்பில் ஷிஃப்ட், ஆல்ட், பி. கோரல் டிராவில் பவர் ட்ரேஸ், இல்லஸ்ட்ரேட்டரில் இமேஜ் ட்ரேஸ். இங்க்ஸ்கேப்புக்குள் இந்த வேலையைச் செய்வது பீட்டர் செலிங்கர் என்ற கணிதப் பேராசிரியர் 2001இல் வெளியிட்ட போட்ரேஸ். அருமையான கருவி, ஆனால் அது எதைப் பார்க்கிறது என்று புரிந்துகொண்டால்தான் சரியாகப் பயன்படுத்த முடியும். அதற்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான் தெரியும். கறுப்பும் வெள்ளையும் சந்திக்கிற எல்லையைப் பிடித்து, அதற்குப் பொருந்துகிற பலகோணத்தைப் போட்டு, அப்புறம் மூலை எது, வளைவு எது என்று தீர்மானித்து மென்மையாக்கும். இது வட்டம், இது எழுத்து, இது விளக்கு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. விளிம்பில் ஜேபெக் அழுக்கு இருந்தால் அதையும் விளிம்பாகவே எடுத்துக்கொள்ளும்.

(திரையில்: ட்ரேஸ் செய்த பிரதி, எல்லா நோடுகளும் தெரிகின்றன)

பாருங்கள். வட்டம் லேசாக உருளைக்கிழங்கு மாதிரி ஆகிவிட்டது, நோடு, அதாவது வளைவுகளை இணைக்கிற அந்தப் புள்ளி, எங்கே பார்த்தாலும் இருக்கிறது. வினைல் கட்டரில் கத்தி இந்தக் கோட்டின் மேலேயேதான் ஓடும், அதனால் இந்த நெளிவெல்லாம் ஸ்டிக்கர் ஓரத்தில் அப்படியே வெட்டுப்படும். எழுத்து இன்னும் மோசம். ஸ்பெக்கிள்ஸ் என்று ஒரு அளவு இருக்கிறது, சின்னச் சின்னத் தூசியை நீக்குவதற்காக வைத்தது. அழுக்கு போகட்டும் என்று அதைக் கூட்டினால் தமிழ் எழுத்தின் புள்ளியும் தூசியோடு தூசியாகப் போய்விடும். இந்தப் பெயரில் புள்ளி ஐந்து. ஐந்தும் போய்விட்டால் மிஞ்சுவது 'அனனம ஸடோரஸ'. குறைத்து வைத்தால் புள்ளி தங்கும், கூடவே அழுக்கும் தங்கும், ன, ண எழுத்துகளின் சுழிக்குள் இருக்கிற வெள்ளை அடைத்துக்கொள்வதும் அப்படியே இருக்கும். இதற்குச் சரியான அளவு என்று ஒன்று 300 பிக்சல் படத்தில் கிடைக்காது, ஏனென்றால் தேவையான விவரமே அதில் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான்: லோகோவைக் கையால் திரும்ப வரையுங்கள். இந்த மாதிரி எளிமையான லோகோவுக்கு, ட்ரேஸ் செய்துவிட்டு நோடு நோடாகத் திருத்துவதைவிட அது சீக்கிரம் முடியும்.

படத்தை ஒரு லேயரில் வைத்து மங்கலாக்கிப் பூட்டிவிடுங்கள். மேலே புது லேயர். வட்டத்துக்கு வட்டக் கருவி, கண்ட்ரோல் அழுத்தி இழுத்தால் நீள்வட்டமாகாமல் வரும், முடிந்தது. விளக்கில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். குத்துவிளக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற வடிவம், ஆனால் ட்ரேஸ் இடது பக்கத்தை ஒரு மாதிரியும் வலது பக்கத்தை வேறு மாதிரியும் கொடுக்கும். நாம் பாதியை மட்டும் வரைவோம். பென் கருவியில் நோடுகளை வளைவு உச்சத்தைத் தொடுகிற இடத்தில் வையுங்கள், அதாவது தட்டின் விளிம்பு வெளியே அதிகமாகத் தள்ளி நிற்கிற இடம், தண்டு ரொம்ப ஒடுங்குகிற இடம், அங்கெல்லாம். நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்புகிற ஹேண்டிலைக் கண்ட்ரோல் பிடித்து நேர்க்குத்தாகவோ படுக்கையாகவோ இழுங்கள். ஒரு முழு வட்டத்தையே நாலு நோடில், ஆரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட விலகாமல் போட்டுவிடலாம், அப்படியிருக்க ஒரு சின்ன வளைவுக்குப் பத்து நோடு வைத்தால் அது நெளியத்தான் செய்யும். பாதி முடிந்ததும் கண்ட்ரோல் டி கொடுத்து நகல், எச் அழுத்தித் திருப்பி, நடுவில் ஒரு மயிரிழை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி நகர்த்தி, இரண்டையும் ஒரே வடிவமாக்க யூனியன்.

(திரையில்: முழு விளக்கு சேர்ந்து நிற்கிறது)

எழுத்தை வரைய வேண்டாம், என்ன ஃபான்ட் என்று கண்டுபிடித்துத் திரும்ப டைப் செய்து, படத்தின் மேல் வைத்து அளவைப் பொருத்துங்கள். ஃபான்ட் கிடைக்கவே இல்லையென்றால் மட்டும் பென் கருவி, அப்போதும் ஒரு 'ன'வை நன்றாக வரைந்து மீதி இடங்களில் அதையே நகலெடுங்கள், ஐந்து புள்ளிக்கும் ஒரே வட்டத்தை வையுங்கள்.

நிறத்தைப் படத்திலிருந்து ஒரு இடத்தில் உறிஞ்சி எடுத்து நம்பிவிடாதீர்கள். ஜேபெக்கில் ஒரே சிவப்பு பத்துப் பதினைந்து சிவப்பாக உடைந்திருக்கும், கடைக்காரரிடம் கேட்டு ஒன்றைத் தீர்மானியுங்கள். திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு ஸ்கிரீன் பிரிண்டிங் கொடுக்கும்போது ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் என்பதால் உதிரி நிறம் ஒவ்வொன்றும் வீண் செலவு.

அப்படியானால் ட்ரேஸ் எதற்கு? தூரிகையில் எழுதிய பெயர், கையெழுத்து, கையால் போட்ட கோலம், இந்த மாதிரி ஒழுங்கற்ற ஓரமே அழகாக இருக்கிற விஷயங்களுக்கு அதைவிட நல்ல வழி இல்லை. 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, கிம்ப் மாதிரி படம் திருத்துகிற மென்பொருளில் முழுக் கறுப்பு வெள்ளையாக்கிவிட்டுக் கொடுங்கள். படம் சின்னதாக மட்டுமே கிடைத்தால் முதலில் இரண்டு, மூன்று மடங்கு பெரிதாக்கிவிட்டு அப்புறம் கறுப்பு வெள்ளையாக்குங்கள், படிப்படியாக வருகிற ஓரம் நன்றாகக் குறையும்.

கடைசியாக ஃபைல். எழுத்து டைப் செய்த நிலையிலேயே ஒரு எஸ்விஜி உங்களிடம் இருக்கட்டும், நாளைக்கு 'ஸ்டோர்ஸ்' போய் 'சூப்பர் மார்க்கெட்' ஆனால் அதுதான் உதவும். அச்சகத்துக்குப் போகிற பிரதியில் எழுத்தைக் கர்வ் பண்ணி, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவமாக மாற்றி அனுப்புங்கள். இங்க்ஸ்கேப்பில் ஆப்ஜெக்ட் டு பாத், கோரலில் கண்ட்ரோல் கியூ. பழைய யூனிகோட் அல்லாத தமிழ் ஃபான்ட் என்றால் இதை மறக்கவே கூடாது, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் கடைப் பெயர் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகச் சிதறித் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் பிடிஎஃப்பை டாக்குமெண்டாகச் சேர்த்து அனுப்புங்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்ப வேண்டாம்.