பில் மன்ரோவும் அவரை விட்டுப் போனவர்களும்

எல்லோருக்கும் வணக்கம். ப்ளூகிராஸ் என்ற அமெரிக்க இசையின் பெயரையே இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன் என்று உள்ளே வரும்போது ஒருவர் சொன்னார். பெயர் புதிதாக இருக்கலாம், சத்தம் புதிதாக இருக்காது. 1967-இல் வந்த 'பானி அண்ட் க்ளைட்' படத்தில் கார்கள் துரத்தும்போது பின்னணியில் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியம் தடதடவென்று ஓடிவருமே, அதுதான். வாசித்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ், பதிவானது 1949-இல். படத்தின் கதை நடப்பதோ முப்பதுகளில், அப்போது ஸ்க்ரக்ஸ் பத்து வயதுப் பையன். ஆனாலும் படம் பார்த்த பெரும்பாலோருக்கு அது உறுத்தியிருக்காது, ஏனென்றால் இந்த இசையைக் கேட்டாலே மலையடிவாரத்துத் திண்ணைகளில் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து வாசித்துவருகிறார்கள் என்றுதான் தோன்றும்.

அப்படி இல்லை. இந்த இசைக்கு வயது எண்பதுதான். ரேடியோவும் மைக்கும் வந்த பிறகு, வாசித்தே பிழைப்பு நடத்தியவர்கள் செதுக்கி எடுத்தது இது. ஆரம்பித்துவைத்தவர் பில் மன்ரோ. ஆனால் அவர் உண்டாக்கியது ஒரு குழுவைத்தான். அதைத் தனி இசைவகை ஆக்கியவர்கள் அவரோடு சண்டை போட்டும் போடாமலும் அவரை விட்டுப் போனவர்கள். இன்றைக்கு நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் எனக்குப் பிடித்த ஆட்களைப் பற்றிப் பேச ஒரு சாக்கு.

மன்ரோ 1911-இல் கென்டக்கியில், ரோசீன் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. அண்ணன்மார் ஃபிடிலையும் கித்தாரையும் எடுத்துக்கொள்ள, யாரும் சீண்டாத மாண்டலின் இவர் பங்குக்கு வந்தது. பார்வையும் சரியில்லை, அம்மா அப்பாவும் சீக்கிரமே போய்விட்டார்கள். தாய்மாமன் பென் வாண்டிவரோடு தங்கி, மாமன் ஃபிடில் வாசிக்கும் நடனங்களுக்கெல்லாம் கூடவே போனார். அதே காலத்தில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடும் வாசித்தார். ஷுல்ட்ஸ் 1931-இல் இறந்துபோனார், அவர் வாசித்த ஒரு பதிவுகூட நமக்கு இல்லை. பாஞ்சோவும் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் சுரைக்குடுக்கையில் செய்து வாசித்த வாத்தியத்திலிருந்து வந்ததுதான். வெள்ளைக்கார மலைவாசிகளின் இசை என்று இதைச் சந்தையில் விற்றவர்கள் இந்த இரண்டு விஷயத்தையும் வசதியாக விழுங்கிவிட்டார்கள். இதைச் சொல்லாமல் ப்ளூகிராஸ் பற்றிப் பேசுவதில் எனக்கு இஷ்டமில்லை.

அப்புறம் இந்தியானா மாநிலத்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கூலி வேலை. பிறகு அண்ணன் சார்லியோடு சேர்ந்து பாடிப் பேர் வாங்கி, 1938-இல் அவரோடும் முறித்துக்கொண்டார். அடுத்த ஆண்டே நாஷ்வில் நகரத்தின் கிராண்ட் ஓல் ஓப்ரி ரேடியோ நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டார். குழுவுக்கு ப்ளூ கிராஸ் பாய்ஸ் என்று பெயர். கென்டக்கிக்குப் புல்லை வைத்து ஒரு செல்லப்பெயர் உண்டு, அதிலிருந்து எடுத்தது. ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் கச்சேரி நடத்திய காலத்தில் சொந்தமாக ஒரு பேஸ்பால் அணியையும் கூட்டிக்கொண்டு போய் உள்ளூர் அணிகளோடு ஆடவைத்தவர் இவர். வாசிப்பவனுக்குப் பந்து போடவும் தெரிந்தால் நல்லது!

மாண்டலின் என்றதும் நமக்கு யு. ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருவார். அவர் மின்சார மாண்டலினில் கமகங்களை இழுத்து இழுத்துப் பாடவைத்தார். மன்ரோவுடையது கிப்சன் கம்பெனியின் எட்டுத் தந்தி மாண்டலின், 1923-இல் செய்தது, ஃபுளோரிடாவில் ஒரு முடிதிருத்தும் கடையில் விலைக்கு வாங்கியது. அதில் அவர் செய்தது வெட்டு வேலை. குழுவில் மத்தளம், ட்ரம்ஸ் எதுவும் கிடையாது. பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் தாளத்தின் ஒன்றாம் மூன்றாம் அடிகளில் 'தும்' என்று விழும். இரண்டாவதிலும் நான்காவதிலும் மன்ரோ எட்டுத் தந்தியையும் ஒரே வீச்சில் அடித்து, ஒலி எழும்பிய அந்த நொடியிலேயே இடது கையைத் தளர்த்தி அமுக்கிவிடுவார், 'சக்'. தாளமே அதுதான். கூடவே பாட்டை அடிக்குக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கொண்டே போவார்கள். கேட்கிறவனுக்கு இவர்கள் இப்போது விழுந்துவிடுவார்கள் என்று தோன்றும், விழமாட்டார்கள்.

1945 டிசம்பரில் இந்தக் குழுவுக்கு ஸ்க்ரக்ஸ் வந்தார். வட கரோலினாக்காரர், அதற்கு முன் நூல் ஆலைத் தொழிலாளி. அதுவரை பாஞ்சோ என்றால் கோமாளியின் கையில் இருக்கும் பொருள். மன்ரோவிடம் முன்பு பாஞ்சோ வாசித்த ஸ்ட்ரிங்பீனும் அடிப்படையில் நகைச்சுவைக்காரர்தான். ஸ்க்ரக்ஸ் சிரிக்கவும் இல்லை, சிரிக்கவைக்கவும் இல்லை. கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மாறி மாறிச் சுழல, ஸ்வரங்கள் அருவி மாதிரி கொட்டின, ஆனால் நடுவில் மெட்டு மட்டும் தனியாகத் தெளிவாகக் கேட்டது. சின்ன வயதில் ஒருநாள் அண்ணன் ஹோரஸோடு சண்டை போட்டுவிட்டு, கோபத்தில் தனி அறையில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தபோதுதான் தன் மூன்று விரலும் வேலை செய்வதைக் கவனித்தாராம். அதே அண்ணனும் தம்பியும் இன்னொன்றும் செய்வார்கள். வீட்டு முன்னால் நின்று ஒரே பாட்டைச் சேர்ந்து தொடங்குவார்கள், வாசித்துக்கொண்டே ஒருவர் வீட்டின் இடப்பக்கமாகவும் இன்னொருவர் வலப்பக்கமாகவும் சுற்றிக்கொண்டு நடப்பார்கள், மறுபடி எதிரெதிரே வரும்போது தாளம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். தாளம் தட்டிக்காட்டும் மெட்ரோனோம் கருவி வாங்கக் காசில்லாத வீட்டில் இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தோன்றவில்லை.

கித்தாரும் பாட்டும் லெஸ்டர் ஃப்ளாட், ஃபிடில் சப்பி வைஸ், பாஸ் ஹவர்ட் வாட்ஸ். 1946 செப்டம்பரில் சிகாகோவில் இந்த ஐந்து பேரும் கொலம்பியா கம்பெனிக்காக வாசித்த இசைத்தட்டுகளைத்தான் மூலப் பிரதி என்று எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். மேடையில் ஒரே ஒரு மைக். முறை வருகிறவர் நடுவில் நுழைந்து வாசித்துவிட்டு ஒதுங்க வேண்டும், அந்த இடைவெளியில் அடுத்தவர் நுழைய வேண்டும். சின்ன அடுக்களையில் கொதிக்கிற பாத்திரங்களோடு நாலு பேர் இடிக்காமல் வேலை செய்வது மாதிரி. ஃபிடில்காரர் வில்லை வீசுகிறார், பாஞ்சோவின் கழுத்து நீளம், யாரும் யார் கண்ணையும் குத்துவதில்லை. மன்ரோவிடம் அறுபதுகளில் இருந்த டெல் மக்கூரி பிற்காலத்தில் தன் குழுவை ஒரே மைக்குக்கு மறுபடி கொண்டுவந்தார், வீடியோ கிடைக்கிறது, பாருங்கள்.

சரி, விட்டுப் போன கதைக்கு வருகிறேன். 1948-இல் ஸ்க்ரக்ஸும் ஃப்ளாட்டும் விலகித் தனிக் குழு போட்டார்கள். மாவு கம்பெனி ஒன்று அவர்களுக்கு விளம்பரதாரர், பேரும் பணமும் வந்தன. மன்ரோ இருபது வருடத்துக்கு மேல் ஃப்ளாட்டோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, 1971-இல்தான் கைகுலுக்கினார்கள். வர்ஜீனியாவின் ஸ்டான்லி சகோதரர்கள் தன் பாணியில் பாடுகிறார்கள், அவர்களையும் கொலம்பியா சேர்த்துக்கொண்டது என்று தெரிந்ததும் மன்ரோ கம்பெனியையே மாற்றிக்கொண்டு டெக்காவுக்குப் போனார். அற்பத்தனம்தான், எனக்குப் புரிகிறது. ஆனால் தன் கண்டுபிடிப்பைப் பத்துப் பேர் வாசிக்கும்போதுதான் அதற்குப் பெயரும் வாழ்வும் கிடைக்கும் என்பதை ஏற்க அவருக்குப் பல வருடம் ஆனது. 150 பேருக்கு மேல் அவர் குழுவில் வந்து போயிருக்கிறார்கள், அது குழுவே இல்லை, பள்ளிக்கூடம்.

குரல் என்று வந்தால் நான் மன்ரோ கட்சி இல்லை, ரால்ஃப் ஸ்டான்லி கட்சி. அண்ணன் கார்ட்டர் 1966-இல் இறந்த பிறகும் விடாமல் பாடினார். கோயன் சகோதரர்கள் இயக்கி 2000-இல் வந்த ஒரு படத்துக்காக, வாத்தியம் எதுவும் இல்லாமல், சாவிடம் இன்னும் ஒரு வருடம் விட்டுவை என்று கெஞ்சும் பழைய பாட்டைப் பாடினார். அதற்கு 75 வயதில் கிராமி கிடைத்தது. வயதாகி நடுங்கும் குரல், அந்த நடுக்கத்தை மறைக்க அவர் ஒன்றும் செய்யவில்லை.

ஹேசல் டிக்கன்ஸ் மன்ரோவிடம் வேலை பார்த்ததே இல்லை. மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பம், பதினொரு பிள்ளைகளில் ஒருவர், பால்டிமோருக்கு வந்து ஆலைகளில் வேலை செய்தார். ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து 1965-இல் இவர் வெளியிட்ட தட்டில் பெண்கள் முன்னால் நின்று ப்ளூகிராஸ் பாடினார்கள், அன்றைக்கு அது அபூர்வம். அண்ணன் ஒருவர் நிலக்கரித் தூசி நுரையீரலில் படிந்து இறந்தார், ஹேசல் அந்த நோயின் பெயரிலேயே பாட்டு எழுதினார். அழகான குரல் இல்லை, வெட்டுகிற குரல். பெண்களுக்கு இது சரிவராது என்று சொன்ன தூய்மைவாதிகளுக்கு ஒரு தகவல்: 1945-இல் மன்ரோவின் குழுவிலேயே சாலி ஆன் ஃபாரஸ்டர் என்ற பெண் இருந்தார், அதுவும் அக்கார்டியனோடு! அக்கார்டியனைப் பொறுத்துக்கொண்ட இசை எதையும் பொறுத்துக்கொள்ளும்.

பரம்பரை எப்படி இறங்குகிறது பாருங்கள். மன்ரோவிடம் பாடிய ஜிம்மி மார்ட்டின் தனிக் குழு போட்டார், அவரிடம் பாஞ்சோ வாசித்த ஜே.டி. க்ரோ இன்னொரு குழு போட்டார், 1975-இல் அந்தக் குழுவில் கித்தார் வாசித்துப் பாடியவர் டோனி ரைஸ். என்னைக் கேட்டால் இந்த இசையில் கித்தார் என்றால் ரைஸ்தான். அவர் கையில் இருந்தது மார்ட்டின் கம்பெனி 1935-இல் செய்த கித்தார், ஒலித்துளை வழக்கத்தைவிடப் பெரியது, அதற்கு முன் க்ளாரன்ஸ் ஒயிட் என்ற கித்தார் கலைஞரிடம் இருந்தது. வேகமாக வாசிக்கும்போதும் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி எடை இருக்கும், அவசரம் தெரியாது. 1994-இல் பாடும் குரல் போய்விட்டது, பிறகு விரல்களும் ஒத்துழைக்கவில்லை. 2020 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். 27 கிராமி வாங்கிய பாடகி அலிசன் க்ராஸ், இப்போது அரங்கங்களை நிரப்பும் கித்தார்காரர் பில்லி ஸ்ட்ரிங்ஸ், இவர்களிடமெல்லாம் ரைஸின் சாயல் உண்டு.

பாஞ்சோக்காரர் பேலா ஃப்ளெக்கைச் சொல்லாமல் விட்டால் சண்டைக்கு வருவீர்கள். நியூயார்க் பையன், டிவியில் ஸ்க்ரக்ஸ் வாசிப்பைக் கேட்டு மயங்கியவர், பிற்பாடு தபலா ஜாகிர் உசேனோடும் புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியாவோடும் வாசித்து 2024-இல் கிராமி வாங்கினார். அந்த ஆல்பத்தில் பாஞ்சோவும் தபலாவும் ஒன்றையொன்று துரத்தும் இடங்கள் இருக்கின்றன.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1946 பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேளுங்கள், ஒருமுறை பாஸை மட்டும், ஒருமுறை அந்த 'சக்' ஒலியை மட்டும். பாஞ்சோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், அது எப்படியும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். இப்போது அதில் ஒரு தட்டைப் போடச் சொல்லியிருக்கிறேன், மூன்று நிமிடம்கூட வராது. முடிந்ததும் கேள்வி கேளுங்கள்.