ரேடியாலஜி ரெசிடென்சி: மெஷினை மட்டும் பார்த்து இடம் தேடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. இரவு டூட்டி முடிந்து, நான்கு மணி நேரம் தூங்கி எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். குரல் கொஞ்சம் கட்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் துறையான ரேடியாலஜியில் ரெசிடென்ட்டாக, அதாவது பயிற்சி மருத்துவராக, சேரப் போகிறவர்கள் எனக்கு அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருக்கின்றன. அந்த மருத்துவமனையில் மூன்று டெஸ்லா (காந்த வலிமையின் அலகு) எம்.ஆர்.ஐ. இருக்கிறதா? சி.டி. ஒரு சுற்றில் எத்தனை ஸ்லைஸ், அதாவது குறுக்குவெட்டுப் படங்கள், எடுக்கும்? இதைக் கேட்பதில் தவறில்லை. நானும் சேரும்முன் இதைத்தான் கேட்டேன். மூன்றாவது வருடத்தில் இருக்கும் இன்றைய நிலையில் கேட்கச் சொன்னால் வேறு கேள்விகள்தான் கேட்பேன். இரவு இரண்டு மணிக்கு அந்த வாசலுக்கு எப்படிப்பட்ட நோயாளிகள் வருகிறார்கள்? அப்போது என் பக்கத்தில் யார் இருப்பார்கள்? நான் எழுதிய ரிப்போர்ட் தப்பாக இருந்தால் மறுநாள் எனக்கு அது தெரியவருமா?

முதலில் அவசர சிகிச்சைப் பிரிவைப் பாருங்கள். சி.டி. அறை அதை ஒட்டி இருக்கிறதா, இல்லை லிஃப்டில் ஏறி இன்னொரு கட்டடத்துக்குப் போக வேண்டுமா? பக்கவாதம் வந்த ஒருவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுக்க, அறிகுறி தொடங்கியதிலிருந்து பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு. மருந்துக்கு முன்னால் மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று சி.டி. பார்த்துச் சொல்ல வேண்டும். நோயாளி மேஜையில் படுத்திருக்கும்போதே நாம் பார்த்துக்கொண்டிருப்போம், நரம்பியல் மருத்துவர் தோளுக்குப் பின்னால் நிற்பார்.

அந்தப் படத்தில் என்ன தேடுகிறோம் என்று சொல்கிறேன். சி.டி.யில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு எண் உண்டு, ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் இடையே ஏறக்குறைய பத்து எண்தான் வித்தியாசம். ரத்த ஓட்டம் நின்ற இடத்தில் அந்தச் சின்ன வித்தியாசமும் மெல்ல அழியும். அதனால் திரையில் காட்டும் எண்களின் எல்லையை நன்றாகக் குறுக்கி வைத்துக்கொண்டு இடது, வலது என்று மாறி மாறிப் பார்ப்போம். சில சமயம் அடைபட்ட ரத்தக்குழாயே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சம் திரையில் விழும் அறையில், சாதாரண ஆபீஸ் மானிட்டரில் இதைப் பிடிப்பது கஷ்டம். எனவே பார்வையிடப் போகும்போது ரீடிங் ரூமுக்குள் ஐந்து நிமிடம் உட்கார அனுமதி கேளுங்கள். வெளிச்சம் அடக்கமாக இருக்கிறதா, மருத்துவப் படங்களுக்கான மானிட்டர் ரெசிடென்ட்களின் மேஜையிலும் இருக்கிறதா, சீனியர்களுக்கு மட்டும்தானா என்று கவனியுங்கள்.

எங்கள் பயிற்சி நான்கு இடங்களில் நடக்கிறது: பெரிய மருத்துவமனை, குழந்தைகள் மருத்துவமனை, புற்றுநோய் மையம், அப்புறம் ஒரு சின்னப் பொது மருத்துவமனை. அலைச்சல்தான். ஆனால் ஒரே கட்டடத்தில் எல்லாமே கிடைத்துவிடுவதில்லை.

குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு நாளைச் சொல்கிறேன். பத்து மாதக் குழந்தை. விட்டுவிட்டு வீறிட்டு அழுகிறது, நடுவில் துவண்டு போகிறது. அல்ட்ராசவுண்ட் ப்ரோபை வயிற்றில் வைத்தேன். வலது பக்கத்தில் வளையத்துக்குள் வளையம். குடல் குடலுக்குள்ளேயே சொருகிக்கொண்டிருக்கிறது. பல குழந்தைகளுக்கு இதைக் கத்தி வைக்காமலே சரிசெய்யலாம். ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே சொருகிய குடலைப் பின்னால் தள்ளுவோம். அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டக் கூடாது. கன்சல்டன்ட், அதாவது எங்கள் சீனியர் மருத்துவர், என் கையைப் பிடித்திருந்தார். காற்று நகர்ந்து வந்து ஒரு இடத்தில் நின்றது. மறுபடி அழுத்தம். சட்டென்று அடைப்பு விலகி, சிறுகுடல் முழுக்கக் காற்று பரவியது. அறையில் இருந்த எல்லோரும் ஒன்றாக மூச்சு விட்டோம்.

இதை எங்கும் செய்துவிட முடியாது. குடலில் ஓட்டை விழுந்தால் உடனே கவனிக்கக் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் கூப்பிடும் தூரத்தில் இருக்க வேண்டும். எந்த இடத்தில் எதைக் கற்க முடியும் என்பதைப் பெரும்பாலும் நம் துறைக்கு வெளியே இருப்பவர்கள்தான் தீர்மானிக்கிறார்கள். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடக்காத மருத்துவமனையில் மாற்றிய கல்லீரலின் ரத்த ஓட்டத்தை டாப்ளர் ஸ்கேனில் பார்க்கும் வாய்ப்பு எங்கிருந்து வரும்? ரேடியாலஜி துறையோடு நிறுத்திக்கொள்ளாமல் மற்ற துறைகளையும் விசாரியுங்கள்.

அல்ட்ராசவுண்டைப் பற்றி இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சில இடங்களில் ஸ்கேன் செய்வது முழுக்க டெக்னீஷியன்கள், ரெசிடென்ட் படத்தைப் பார்த்து ரிப்போர்ட் மட்டும் எழுதுவார். அவர்கள் திறமைசாலிகள், எனக்குப் பாதி வித்தை சொல்லிக் கொடுத்ததே அவர்கள்தான். ஆனாலும் ப்ரோபை நாமே பிடித்து, நோயாளியிடம் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்லி, வலிக்கும் இடத்தை அவர் விரலாலேயே காட்டச் சொல்லிப் பார்க்காவிட்டால் அந்தக் கை வராது. வாரத்தில் எத்தனை நாள் நானே ஸ்கேன் செய்வேன் என்று நேரடியாகக் கேளுங்கள்.

புற்றுநோய் மையத்தில் கற்றது பொறுமை. அங்கே ஒரு படத்தைத் தனியாகப் பார்ப்பதே அபூர்வம். மூன்று மாதத்துக்கு முன்பு எடுத்தது, ஆறு மாதத்துக்கு முன்பு எடுத்தது என்று வரிசையாக வைத்து அதே கட்டியை அதே மட்டத்தில் அளக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் அவசரத்தில் சிகிச்சை மாறிப்போகக் கூடாது. கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் பெட் ஸ்கேன் இருந்தால் அந்த மருந்து எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். அதில் பெரும்பாலும் இருக்கும் கதிரியக்கப் பொருளான ஃப்ளூரின்-18 கிட்டத்தட்ட 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் தூரத்தில் இருந்து, மருந்து வரும் வண்டி தாமதமானால் அன்றைய பட்டியலே குலைந்துவிடும்.

சின்ன மருத்துவமனை ரொடேஷனை நான் முதலில் மதிக்கவில்லை. அங்கேதான் நெஞ்சு எக்ஸ்ரே படிக்கக் கற்றேன். 1895-ல் ராண்ட்கன் கண்டுபிடித்த அதே கதிர்தான், இன்றும் படிக்கக் கடினமான படம் அதுதான். ஒரு நாளைக்கு எண்பது, நூறு என்று வரும். எல்லாம் சரியாக இருப்பவை நிறையப் பார்த்தால்தான், சரியில்லாத ஒன்று வரும்போது கண் தானாக நிற்கிறது.

பாதுகாப்பு விஷயத்துக்கு வருகிறேன். நான் பயிற்சிக்குப் போன ஓர் இடத்தில் எம்.ஆர்.ஐ. பகுதியின் கதவு திறந்தே கிடக்கும். ஒரு நாள் சக்கர நாற்காலியில் நோயாளியைக் கொண்டு வந்தவர், பின்னால் இரும்பு ஆக்சிஜன் சிலிண்டர் மாட்டியிருந்ததோடு நேராக உள்ளே வந்துவிட்டார். காந்த அறையின் வாசலில் டெக்னீஷியன் குறுக்கே பாய்ந்து நிறுத்தினார். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அந்தக் காந்தம் விழித்துத்தான் இருக்கும். 1.5 டெஸ்லா என்பது பூமியின் காந்தப்புலத்தைவிடச் சுமார் 30,000 மடங்கு. அந்த நாற்காலியில் இருந்தவரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆகவே ஒரு மையத்தின் எம்.ஆர்.ஐ. எவ்வளவு புதியது என்பதைவிட, உங்களை உள்ளே விடும்முன் யாராவது பையைச் சோதித்தார்களா என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன்.

எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய்களைப் பார்க்கும் ஆஞ்சியோ அறையிலும் அப்படித்தான். உங்கள் உடம்புக்குப் பொருந்தும் ஈய ஏப்ரன் இருக்கிறதா? கதிர் அளவைக் காட்டும் பேட்ஜின் முடிவை உங்களுக்குக் காட்டுகிறார்களா? கதிரோடு வேலை செய்பவர்களுக்குச் சர்வதேசப் பரிந்துரை, ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட். நமது எண் என்ன என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது கருணை இல்லை, உரிமை.

கடைசியாக, எல்லா இடங்களின் படங்களும் ஒரே பேக்ஸில் (படங்களைச் சேமித்துக் காட்டும் கணினி அமைப்பு) திறக்கின்றனவா என்று பாருங்கள். எனக்கு இது ஏன் முக்கியம் என்றால், முதல் வருடத்தில் ஓர் இரவு, வயிற்று சி.டி. ஒன்றில் குடலுக்கு வெளியே இருந்த சின்னக் காற்றுக்குமிழியை, குடலில் ஓட்டை விழுந்ததற்கான அடையாளத்தை, நான் தவறவிட்டேன். காலையில் கன்சல்டன்ட் பிடித்துவிட்டார், நோயாளிக்கு உரிய நேரத்தில் ஆபரேஷனும் நடந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "நுரையீரல் விண்டோவில் வயிற்றையும் ஒரு தடவை பார்" என்று மட்டும் சொன்னார். நுரையீரலைப் பார்க்க வைக்கும் அந்தத் திரை அமைப்பில் காற்று தனியாகத் தெரியும். அடுத்த வாரம் நான் வேறு இடத்துக்கு மாறிவிட்டேன், அங்கிருந்தும் அந்தப் படத்தைத் திறந்து பார்க்க முடிந்தது. பல தடவை திறந்து பார்த்தேன். நேற்று இரவும் ஒரு வயிற்று சி.டி. வந்தது. கை தானாக நுரையீரல் விண்டோவுக்குப் போனது. கல்லீரலுக்கு முன்னால், மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. உடனே சர்ஜனைக் கூப்பிட்டேன்.

சரி நண்பர்களே, நீங்கள் பார்க்கப் போகும் இடத்தில் இரவில் யார் கூட இருப்பார்கள் என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். எனக்கு டூட்டிக்கு நேரமாகிறது, போய்விட்டு வருகிறேன்.